லேத்துக்குக் காற்று அடிக்காதீர்கள்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கோவை கணபதியிலோ சென்னை அம்பத்தூரிலோ எந்தப் பட்டறையை எட்டிப் பார்த்தாலும் ஒரே காட்சிதான். ஒரு கையில் காற்றைப் பீச்சும் ஏர் கன், மறு கையில் மண்ணெண்ணெய் டப்பா. சாயங்காலத்துக்குள் லேத் (உலோகத்தைச் சுழற்றிச் சீவும் கடைசல் மெஷின்) பளபளக்கும், சந்தனம் குங்குமம் ஏறும். அழுக்கு என்னவோ மெஷினை விட்டுப் போயிருக்காது. கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குக் குடிபெயர்ந்திருக்கும்.

வெட்டும் கருவியைச் சுமந்து பெட்டின் (மெஷினின் நீளமான அடித்தளம்) மேல் நகரும் சேடிலின் மூலைகளில் இருக்கும் வைப்பர்கள் (துடைப்பான்கள்) சிப்ஸைத் (சீவிய உலோகத் துணுக்குகளை) தள்ளிக்கொண்டு போகத்தான் இருக்கின்றன. காற்றின் வேகத்தைத் தாங்க அவற்றால் முடியாது. ஏர் கன் அடித்தால் பொடி வைப்பருக்கு அடியில் நுழைந்து, பெட்டுக்கும் சேடிலுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெய் இருந்த எண்ணெயையும் கழுவிவிடும். அப்புறம் சேடில் நகரும்போதெல்லாம் பெட்டில் எமரி (உப்புத்தாள் போன்ற தேய்ப்புத் துணி) தேய்த்த கதைதான். பெரும்பாலும் சின்ன ஜாப்களே (கடையும் துண்டுகளே) ஓடுவதால் தேய்மானம் சக் (ஜாப்பைப் பிடித்துச் சுழற்றும் பிடி) பக்கத்தில் அதிகமாகும். அந்த இடத்துக்கு ஏற்ப சேடில் ஜிப்பை (ஆட்டத்தைக் குறைக்க இறுக்கும் தகட்டை) இறுக்கினால், எதிர்முனையான டெயில்ஸ்டாக் பக்கம் போகும்போது சேடில் பிடித்துக்கொள்ளும்.

தினசரி வேலைக்குப் பத்து நிமிஷம் போதும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, நீளச் சுருளைக் கொக்கியாலும் பொடியைப் பிரஷ்ஷாலும் எடுங்கள். கை வைக்காதீர்கள். பிறகு உலர்ந்த துணியால் பெட்டைத் துடையுங்கள். எண்ணெய் கடைசியில்தான். அழுக்கின் மேல் விட்ட எண்ணெய் அரைக்கும் கூழாகிவிடும். பெட்டுக்கு 68 கிரேடு (எண்ணெயின் கெட்டித்தன்மை எண்) ஸ்லைடுவே ஆயில் வாங்குங்கள்; ஒட்டிக்கொண்டு நிற்கும் தன்மை அதில் உண்டு, சாதா ஹைட்ராலிக் ஆயில் வழிந்துவிடும். சிறு இரும்புக் குண்டு வைத்த எண்ணெய்த் துளைகளில் கிரீஸ் அடிக்கவே கூடாது. உள்ளே போகும் வழி அடைத்துக்கொள்ளும். வைப்பரின் ஃபெல்ட்டை (கம்பளிப் பட்டையை) மாதம் ஒருமுறை கழற்றி மண்ணெண்ணெயில் அலசுங்கள் (மண்ணெண்ணெய்க்கு இங்கே வேலை உண்டு). காய்ந்ததும் எண்ணெயில் ஊறவைத்து மாட்டலாம். இரும்புப் பொடி ஏறிக் கெட்டியாகிவிட்ட ஃபெல்ட்டைத் தூக்கிப் போடுங்கள்.

வார்ப்பிரும்பைக் கடையும் நாளில் கூடுதல் கவனம் வேண்டும். அந்தக் கருப்புப் பொடி எண்ணெயோடு கலந்து பசைபோல ஒட்டும். அதனால் ஜாப் ஏற்றும் முன்பே பெட்டை மூடிவிடுவது நல்லது. எமரி துணி போடும்போதும் இதேதான்.

சக்கை யாரும் கழற்றுவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது கழற்ற வேண்டும். கழற்றும் முன் பெட்டின் மேல் மரப்பலகை போடுங்கள். எட்டு அங்குல சக் கை நழுவி விழுந்தால் பெட்டில் விழும் பள்ளம் நிரந்தரம். த்ரீ ஜா சக்கின் ஜாக்களில் (ஜாப்பைக் கவ்வும் தாடைகளில்) 1, 2, 3 என்று எண் இருக்கும். மாட்டும்போது ஸ்க்ரோலின் (ஜாக்களை நகர்த்தும் சுருள் தட்டின்) முனை முதல் பள்ளத்தைத் தாண்டும் இடத்தில் 1, அடுத்த பள்ளத்தில் 2, பிறகு 3. வரிசை மாறினால் ஜாக்கள் மையத்தில் ஒன்றுசேராது. ஸ்க்ரோலுக்குக் கிரீஸ் மெல்லிய பூச்சாக இருந்தால் போதும். அப்பி வைத்தால் சிப்ஸைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். திரும்ப மாட்டும் முன் ஸ்பிண்டில் (சக்கைச் சுழற்றும் தண்டு) முகத்தையும் சக்கின் பின்முகத்தையும் துடைத்து, விரலால் தடவிப் பாருங்கள். முடி பருமனுக்கு ஒரு சில்லு சிக்கினாலும் சக் சாய்ந்து உட்காரும். ஜாப் நீள நீள ஆட்டம் கூடும். பேரிங் போய்விட்டது என்று நினைத்து ஸ்பிண்டிலும் கியர்களும் இருக்கும் ஹெட்ஸ்டாக்கைப் பிரித்தவர்கள் உண்டு.

ஹெட்ஸ்டாக் எண்ணெயின் கிரேடும் அளவும் மானுவலில் சொன்னபடிதான். மெஷின் நின்றிருக்கும்போது கண்ணாடியில் மட்டம் பாருங்கள். அதிகம் ஊற்றினால் நுரைத்துச் சூடேறும், சக் பக்கம் கசியும். பால் நிறமாகத் தெரிந்தால் கூலன்ட் (வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் எண்ணெய்-தண்ணீர்க் கலவை) உள்ளே போயிருக்கிறது. எண்ணெய் மாற்றும்போது வெதுவெதுப்பாக இருக்கையிலேயே வடியுங்கள். அடியில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் வந்தால் பயமில்லை. செதில் செதிலாக வந்தால் கியரையோ பேரிங்கையோ பார்த்தே ஆக வேண்டும்.

திங்கட்கிழமை காலை அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறதா? கூலன்ட்டின் மேல் மிதக்கும் பெட் ஆயில், இரண்டு நாள் காற்றுப் படாமல் மூடிவைத்ததால் வளர்ந்த பாக்டீரியாவின் வேலை அது. சனிக்கிழமை மாலையே மேலே மிதப்பதை வழித்தெடுங்கள். தொட்டியை வண்டலோடு வைத்துக்கொண்டு புதுக் கூலன்ட் ஊற்றினால் சில வாரத்தில் மறுபடி நாறும். கலக்கும்போது தண்ணீரில்தான் எண்ணெயை ஊற்ற வேண்டும், 20 பங்குக்கு 1 பங்கு. மாற்றி ஊற்றினால் சரியாகக் கரையாது. தண்ணீர் ஆவியாகி அளவு குறைந்தால் வெறும் தண்ணீராகவே விட்டுக்கொண்டு போகாமல் நீர்த்த கலவையாக விடுங்கள். இல்லையென்றால் பெட்டில் துரு வரும்.

சேடிலின் மேல் குறுக்கே நகரும் கிராஸ் ஸ்லைடில் ஆட்டம் என்றால் முதலில் எந்த ஆட்டம் என்று பாருங்கள். டயல் கேஜ் வைத்து, ஹேண்டிலைத் திருப்பித் திருப்பி, முள் அசையாமல் ஹேண்டிலில் எத்தனை கோடு போகிறது என்று எண்ணினால், ஸ்க்ரூ ஓடும் நட்டின் தேய்மானம் தெரியும். 0.1 முதல் 0.2 மி.மீ. வரை சகஜம். ஸ்லைடைக் கையால் பக்கவாட்டில் அசைத்து டயல் முள் நகர்ந்தால்தான் அது ஜிப்பின் குறை. நட் தேய்ந்ததற்கு ஜிப்பை இறுக்குவது பலரும் செய்யும் தவறு. ஹேண்டில் கனக்கும், ஸ்க்ரூவின் மேல் சுமை கூடும், மிச்சமிருந்த நட்டும் சீக்கிரம் தேய்ந்துவிடும்.