விடுமுறைப் பட்டியலைக் குவெரிக்குள்ளேயே எழுதிப் பார்த்தேன்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் மின்மீட்டர் அளவைத் தினமும் குறித்து, போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் சேர்த்து வருகிறேன். பொது விடுமுறையன்று பகல் முழுக்க ஏர்கான் ஓடுகிறதே, அது எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்று பார்க்க இப்போது ஆசை.

சிங்கப்பூரில் வருடத்துக்கு 11 பொது விடுமுறை. அதற்கென்று ஒரு டேபிள் உருவாக்க மனம் வரவில்லை. குவெரியில், அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியில், எந்த டேபிளிலிருந்து எடுப்பது என்று சொல்லும் ஃபிரம் (FROM) பகுதியில் அடைப்புக்குறி போட்டு, வேல்யூஸ் (VALUES) என்று தொடங்கி, தேதியும் பெயருமாக வரிசைகளை அடுக்கினால் அதுவே டேபிள்தான். கடைசியில் ஏஸ் (AS) போட்டு நெடுவரிசைகளுக்குப் பெயர் கொடுத்துவிட வேண்டும்.

தேதிகளை, நிபந்தனை சொல்லும் வேர் (WHERE) பகுதியில் இன் (IN) போட்டுக் கொடுத்தால் போதாதா? போதாது. நோன்புப் பெருநாளுக்கு ஜோகூர் போய், அன்று அளவு எடுக்காமல் விட்டிருந்தால் அந்த நாள் விடையில் சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். வேல்யூஸ் பட்டியலை இடப்பக்கம் வைத்து லெஃப்ட் ஜாயின் (LEFT JOIN, இடப்பக்க வரிசைகள் எதையும் விடாமல் இணைப்பது) செய்தால் அந்த நாளும் வரும், அளவு மட்டும் காலியாக இருக்கும். எனக்கு இதுதான் பெரிய லாபம்.

அப்புறம் வகைச் சிக்கல். மேற்கோள்குறிக்குள் வெறுமனே எழுதிய தேதியை போஸ்ட்கிரெஸ் டெக்ஸ்டாக, அதாவது வெறும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். மீட்டர் டேபிளின் தேதியோடு சேர்க்கப் போனால் மறுத்துவிடும். ஏதாவது ஒரு வரிசையில் டேட் (DATE) என்று வகையைச் சொன்னால் போதும், மற்றவை தாமாகப் பின்தொடரும். ஞாயிறன்று வரும் விடுமுறைக்கு மறுநாள் திங்கள் லீவு என்பதால் அதற்கும் ஒரு நெடுவரிசை வைத்தேன். 2025இல் எந்த விடுமுறையும் ஞாயிற்றில் விழவில்லை, அதனால் எல்லாமே நல் (NULL, அதாவது காலி). முழுக்க நல்லாக இருந்தால் அதுவும் டெக்ஸ்ட்தான்! 2026இல் விசாக தினம், தேசிய தினம், தீபாவளி மூன்றுமே ஞாயிறு. அங்கே நிஜத் தேதிகள் இருப்பதால் ஒன்றுக்கு வகை சொன்னாலே வேலை முடிந்தது.

எஸ்கியூலைட் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் இப்படி ஏஸ் போட்டு நெடுவரிசைப் பெயர் வைக்க முடியாது, குவெரியின் தொடக்கத்தில் வரும் வித் (WITH) பகுதியில்தான் வைக்க வேண்டும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இந்த வேல்யூஸ் வசதி 8.0.19 பதிப்பில்தான் வந்தது, ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் ரோ (ROW) என்று வேறு எழுத வேண்டும்.

மாதக் கணக்குக் குவெரிக்கும் இந்தப் பட்டியல் தேவைப்பட்டால் நிஜ டேபிளாகவே மாற்றிவிடுவேன். ஒரே பட்டியலை இரண்டு இடத்தில் ஒட்டி வைத்துத் திருத்திக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை.