கதவுக்குப் பின்னால் தொங்கும் பை

பெரியம்மா வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தேன். இரண்டாம் நாள் இரவு நல்ல மழை. ஒன்பது மணி இருக்கும், ஒழுங்கை முனையில் நிற்கும் டிரான்ஸ்போமர் பெரிய சத்தத்தோடு வெடித்து ஊரே இருண்டுபோனது. நான் போனைத் தேடி வெளிச்சம் போட்டுப் பார்த்தபோது பெரியம்மா அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் இருந்தார். அவருக்கு 74 வயது. முழங்கால் வருத்தம், பகலில் கட்டிலை விட்டு எழும்பவே யாராவது கை கொடுக்க வேண்டும். அந்த இருட்டில் யாரும் கை கொடுக்கவில்லை.

"டிரான்ஸ்போமர்தான் பிள்ளை, வேற ஒண்டுமில்லை" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். ஆனால் கரண்ட் வரும்வரை பையைக் கீழே வைக்கவில்லை.

2009இல் போர் முடிந்து 16 வருடத்துக்கு மேலாகிவிட்டது.

யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ வளர்ந்த என் வயதுக்காரர் யாரைக் கேட்டாலும் இந்தப் பையைத் தெரிந்திருக்கும். பெரியம்மாவுடையது புடவைக் கடைப் பை. அதற்குள் இரண்டு பிளாஸ்டிக் சொப்பின் பை, அதற்குள் தண்ணீர் போகாமல் இருக்க ஒரு பழைய எக்ஸ்ரே உறை, அதற்குள்தான் எல்லாம்: காணி உறுதி, குடும்ப அட்டை, எல்லோருடைய பிறப்புச் சான்றிதழ்கள், பெரியப்பாவின் மரணச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் இரண்டு, அக்காவின் ஓ.எல். பெறுபேறு, நாலு படம், ஒரு சின்னச் சித்தாலேபத் தைலப் போத்தல், கொஞ்சம் காசு. உறுதி மடிப்புகளில் பிரிந்து நாலு துண்டாகிவிட்டது. ஒரு மூலையில் மை கரைந்து நீலமாகப் படர்ந்திருக்கிறது. அது 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு மழை. யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்த அன்று, நாவற்குழிப் பாலத்தடியில் காலெடுத்து வைக்க இடமில்லாமல் சனம் நெரிபட்டபோது பெரியம்மா பையைத் தலையில் வைத்திருந்தாராம், பிள்ளையை இடுப்பில்.

முதல் தடவை அப்படிப் பை எதுவும் இருக்கவில்லை. 1990 ஜூனில் மயிலிட்டிப் பக்கத்திலிருந்து வெளிக்கிட்டபோது இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தார்கள், ஆட்டைக்கூட அவிழ்த்து விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். மூன்றாம் நாள் பெரியப்பா யாருக்கும் சொல்லாமல் சைக்கிளில் திரும்பிப் போய் உறுதியை மட்டும் எடுத்து வந்தார். அன்று தொடங்கியது இந்தப் பை. அப்புறம் 95, அப்புறம் கிளாலிக் கடலால் வன்னி, அப்புறம் 2008 கடைசியில் கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், மாத்தளன், முள்ளிவாய்க்கால், கடைசியில் செட்டிகுளம் முகாம். அந்தக் கடைசி மாதங்களில் மட்டும் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011இல் எழுதியது. பெரியம்மாவின் இரண்டாவது மகனும், என் அண்ணா, அந்த மாதங்களில்தான் இல்லாமல் போனான். வீட்டுக்கு ஒருவர் என்று புலிகள் இயக்கம் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டுபோன காலம். அவனைப் பிடித்துப் போனது இயக்கம். மே மாதம் வட்டுவாகலில் ஆமியிடம் சரணடைந்தவர்களோடு நின்றதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

காணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வலிகாமம் வடக்கு 1990இலிருந்து இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாகக் கிடந்தது, துண்டு துண்டாகத்தான் விட்டார்கள். மயிலிட்டித் துறைமுகத்தைத் திருப்பிக் கொடுத்தது 2017 ஜூலை 3இல், 27 வருடம் கழித்து. எங்கள் பகுதியும் ஒருநாள் விடுபட்டது, பெரியம்மாவோடு நானும் போனேன். பஸ்ஸால் இறங்கினால் ஒரு பற்றைக் காடு. வீடு இல்லை, மதில் இல்லை, வேலிப் பூவரசு இல்லை, ஒழுங்கை எங்கே போனதென்றே தெரியவில்லை. பெரியம்மா இரண்டு மணித்தியாலம் தடியால் பற்றையைத் தட்டிக்கொண்டே நடந்தார். கடைசியில் கிணற்றைக் கண்டுபிடித்தார். கட்டு உடைந்து, உள்ளே முட்கம்பியும் தகரமும் நிரம்பிக் கிடந்தது, ஆனால் துலாக்கால் நட்ட இடத்துச் சீமெந்தில் பெரியப்பா ஈரத்தில் எழுதிய வருடம் அப்படியே இருந்தது. அதில் கையை வைத்துக்கொண்டு, இதிலிருந்து பதினெட்டு அடி குசினி என்று அளந்து காட்டினார்.

எல்லை போடத்தான் முடியவில்லை. எங்கள் ஊர் உறுதிகளை வாசித்தவர்களுக்குத் தெரியும், எல்லை என்பது பெரும்பாலும் ஆட்களின் பெயர்தான். கிழக்கே இன்னாரின் காணி, தெற்கே இன்னாரின் பெண்சாதியின் காணி, மேற்கே ஒழுங்கை. அந்தக் கிழக்கு கனடாவில் இருக்கிறது. தெற்கு முள்ளிவாய்க்காலில் செத்துவிட்டது. ஒழுங்கை இருந்த இடத்தில் இராணுவம் போட்ட தார் ரோடு ஓடுகிறது. கிராம அலுவலர், எங்கள் விதானையார், நல்ல மனிதர், "அம்மா, பக்கத்துக் காணிக்காரர் யாரையாவது கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார். எங்கே போய்க் கூட்டி வருவது? போர் எங்களை எத்தனை பேராகக் குறைத்துவிட்டது என்பதற்கு நான் கணக்குத் தேடிப் போவதில்லை. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9 பாராளுமன்ற இடம், 2024இல் 6. வாக்காளர் தொகைக்கு ஏற்பத்தான் இடம் கொடுப்பார்கள். மிச்சப் பேர் மண்ணுக்குள்ளும், இந்தியா, கனடா, பிரான்ஸ், லண்டன் என்றும் போய்விட்டார்கள், அவர்களுடைய வீடுகள் கேட் பூட்டோடு கிடக்கின்றன.

அந்தப் பையில் ஒரு கடதாசி இன்றுவரை இல்லை. அண்ணாவுடைய மரணச் சான்றிதழ். எடுக்கலாம், எடுத்தால் சில உதவிகள் கிடைக்கும், பலர் வேறு வழியில்லாமல் எடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 2016இல் சட்டத்தைத் திருத்தி, செத்தார் என்று எழுதாமல் காணவில்லை என்று மட்டும் எழுதும் ஒரு சான்றிதழும் வந்தது. பெரியம்மா அதையும் எடுக்கவில்லை. "காணேல்லை எண்டு நான்தானே அவையிட்டச் சொன்னனான், அதையே அவை எனக்கு எழுதித் தந்தா நான் என்ன செய்ய?" என்றார். இதற்குப் பதில் சொல்லக்கூடிய ஓர் அதிகாரியை நான் இதுவரை சந்திக்கவில்லை.

கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20இல் காணாமல் போனவர்களின் தாய்மார் போராட்டம் தொடங்கியபோது பெரியம்மாவும் போனார், முழங்கால் விடும்வரை போய்க்கொண்டிருந்தார். அவரோடு கொட்டகையில் இருந்தவர்களில் சிலர் பிள்ளையின் படத்தை மடியில் வைத்தபடியே காலமாகிவிட்டார்கள். 2025இல் செம்மணியில், சிந்துபாத்தி மயானத்தில் தோண்டத் தோண்ட எலும்புக்கூடுகள் வந்தன, 200க்கு மேல். குழந்தைகளும் இருந்தார்கள், ஒரு பால் போத்தல், ஒரு நீலப் பள்ளிப் பை. செம்மணி என்றால் 95, 96இல் யாழ்ப்பாணத்தில் காணாமல் போனவர்கள்தான் எல்லோருக்கும் நினைவு வரும். அண்ணா காணாமல் போனது முல்லைத்தீவில், 2009இல். அது பெரியம்மாவுக்கும் தெரியும். தெரிந்தும் பேப்பரில் வந்த சட்டைத் துண்டுகளின் படத்தை வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பிடித்து, ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தார். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குப் பலம் இல்லை.

இன்னொன்று. எங்கள் பையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு யாழ்ப்பாணச் சோனகத் தெரு நினைவுக்கு வரும். 1990 ஒக்டோபர் 30. அதே திகதி, ஐந்து வருடம் முன்னால். யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குப் புலிகள் கொடுத்த நேரம் இரண்டு மணித்தியாலம். வடக்கு முழுவதிலும் இருந்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அந்த மாதத்தில் துரத்தப்பட்டார்கள். கட்டிய பையையும் வழியில் சோதித்து, காசையும் நகையையும் பறித்துக்கொண்டுதான் விட்டார்கள். அயலில் இருந்த நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். பயம் என்று சொல்லலாம், உண்மைதான், ஆனால் பயந்தது மட்டும்தான் என்று சொல்ல மனம் வரவில்லை. புத்தளத்தில் முகாம்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இப்போது தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். திரும்பி வந்தவர்களிடமும் நாங்கள் உறுதி எங்கே, பதிவு எங்கே என்றுதான் கேட்டோம்.

ஒருமுறை கொழும்பில், காணாமல் போனோர் விடயமாக ஒரு கூட்டத்துக்குப் பெரியம்மாவைக் கூட்டிப்போனேன். பக்கத்துக் கதிரையில் மாத்தறைப் பக்கத்துச் சிங்கள அம்மா ஒருவர். 1989இல் ஜே.வி.பி. கிளர்ச்சிக்காரன் என்று வீட்டிலிருந்து கூட்டிப்போன மகன். இரண்டு பேருக்கும் மற்றவருடைய மொழி தெரியாது. அந்த அம்மா தன் பையைத் திறந்து மகனின் படத்தை எடுத்துக் காட்டினார், பெரியம்மாவும் திறந்தார். இரண்டு பைக்குள்ளும் எக்ஸ்ரே உறை இருந்ததை நான் பார்த்தேன்.

சரி, டிரான்ஸ்போமர் வெடித்த இரவுக்கு வருகிறேன். கரண்ட் வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. அக்காவின் மகள், 2010இல் பிறந்தவள், ஷெல் சத்தம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது, அம்மம்மாவுக்குப் பக்கத்தில் வந்து இருந்துகொண்டு பையில் உள்ள ஒவ்வொரு கடதாசியையும் போனில் படம் எடுத்தாள். உறுதியின் நாலு துண்டையும் மேசையில் சேர்த்து வைத்து எடுத்தாள். எல்லாவற்றையும் ஒன்லைனில் போட்டுவிட்டேன் அம்மம்மா, இனி எரிந்தாலும் நனைந்தாலும் போகாது, உலகத்தில் எங்கே இருந்தும் எடுக்கலாம் என்று விளக்கினாள். பெரியம்மா போனை வாங்கி, விரலால் பெரிதாக்கி, அண்ணாவின் பிறப்புச் சான்றிதழை நெடுநேரம் பார்த்தார்.

பிறகு கடதாசிகளைப் பழைய ஒழுங்கிலேயே அடுக்கி, உறைக்குள் போட்டு, சொப்பின் பைகளைச் சுற்றிக்கொண்டே அவளிடம் கேட்டார்.

"உன்ர பிறப்புச் சான்றிதழில ஒரு போட்டோக் கொப்பி எடுத்துத் தா பிள்ளை. இதுக்க வைப்பம்."