பெயர் தெரியாத ஆள் மீது பாதுகாப்பு உத்தரவு: டர்பனில் எங்கள் அனுபவம்

பிள்ளைக்கு ஆன்லைனில் தொல்லை என்று பள்ளிக்குப் போனால், "எல்லாவற்றையும் அழித்துவிட்டு, போனைக் கொஞ்ச நாள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். எங்களிடமும் அதைத்தான் சொன்னார்கள். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். அன்று அழித்திருந்தால் இன்று எங்கள் கையில் நீதிமன்ற உத்தரவு இருந்திருக்காது.

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கிறோம். மகள் எட்டாம் வகுப்பு. பள்ளி விழாவில் எடுத்த படத்திலிருந்து அவள் முகத்தை வெட்டி ஒட்டி, அவள் பெயரிலேயே யாரோ இன்ஸ்டாகிராமில் ஒரு போலிக் கணக்கு தொடங்கியிருந்தார்கள். அந்த லிங்க், வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றியது. அவள் நிறத்தையும், இந்தியாவிலிருந்து வந்த பிள்ளையின் ஆங்கிலத்தையும் வைத்து அதில் எழுதியிருந்ததை இங்கே திருப்பி எழுத எனக்கு மனம் வரவில்லை. அவள் சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள், பள்ளிக்குப் போகமாட்டேன் என்றாள்.

பள்ளியில் கிடைத்த பதில்: "இது பள்ளிக்கு வெளியே நடந்தது. பிள்ளைகள் விளையாட்டாகச் செய்திருப்பார்கள்." இந்த "விளையாட்டு" என்ற சொல்லை யாராவது உங்களிடம் சொன்னால் ஒன்றை நினைவூட்டுங்கள். துணை முதல்வர் ஒருவரின் முகத்தை வேறு உடம்பில் ஒட்டிப் பரப்பிய மூன்று மாணவர்கள் வழக்கில், இந்த நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2011-இல் 25,000 ராண்ட் இழப்பீடு தரவும் மன்னிப்புக் கேட்கவும் சொல்லித் தீர்ப்பளித்தது. அதைச் சொன்னபிறகுதான் எங்கள் கடிதத்தை வாங்கிக்கொண்டு, நகலில் முத்திரை வைத்துத் தந்தார்கள். வாய்ப்பேச்சோடு விடாதீர்கள், எழுதிக் கொடுங்கள், நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். அந்த ஒரு தாள் பின்னால் நீதிமன்றத்தில் உதவியது.

அப்புறம் போலீஸ் ஸ்டேஷன். கவுண்டரில் இருந்தவர், "ஆள் பேர் தெரியாமல் யார் மேல் கேஸ் போடுவது? கோர்ட்டுக்குப் போங்கள்" என்றார். கோர்ட்டில், "இது போலீஸ் விஷயம்" என்றார்கள். இந்த அலைச்சலில் ஒரு வேலை நாள் அப்படியே போனது. மனமொடிந்து வீட்டுக்கு வந்தபோது வழி காட்டியவர், தமிழ்ப் பள்ளியில் என்னோடு சொல்லிக்கொடுக்கும் ஒரு அக்கா. இங்கேயே பிறந்து வளர்ந்தவர், வக்கீல் ஆபீஸில் பல காலம் வேலை பார்த்தவர். "ரெண்டு இடமும் உண்டு கண்ணு, எதுக்கு எங்கே போகணும்னு தெரிஞ்சுக்கிட்டுப் போ" என்று உட்கார வைத்துச் சொன்னார்.

அவர் சொன்னது இது. வன்முறை மிரட்டலோ அந்தரங்கப் படமோ இருந்தால் அது சைபர்கிரைம்ஸ் சட்டத்தின்படி குற்றம். 2020-ஆம் வருடச் சட்டம்; அதன் பெரும்பகுதி 2021 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அது போலீஸ் வேலை, வழக்குப் பதியும்வரை நகராமல் நில்லுங்கள். ஒரு எச்சரிக்கை: 18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் அந்தரங்கப் படம் என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுப்பது, சொந்தக்காரர்களுக்கு அனுப்பிக் காட்டுவது எதுவும் வேண்டாம். அதை வைத்திருப்பதும் பரப்புவதுமே இங்கே குற்றம். போனோடு நேராக ஸ்டேஷனுக்குப் போங்கள்.

எங்களுடையதைப் போல விடாமல் கேலி செய்து அவமானப்படுத்தும் தொல்லை என்றால், ஹராஸ்மென்ட் சட்டம், அதாவது 2011-இன் 17-ஆம் எண் சட்டம் இருக்கிறது. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு, அதாவது தொல்லையை நிறுத்தச் சொல்லும் உத்தரவு கேட்கலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. பிள்ளைக்காக வேறொருவர் கேட்கலாம். பெற்றோர் துணையில்லாமல் பிள்ளையே போய்க்கூடக் கேட்கலாம்.

சான்றுகளைச் சேர்ப்பதில்தான் நிறைய நேரம் போனது, அதில் செலவழித்த ஒவ்வொரு நிமிடமும் பலன் தந்தது. வெறும் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதாது. கணக்கின் பெயர், முழு லிங்க், தேதி மூன்றும் தெரிய வேண்டும். பெயரை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றிவிடலாம். வாட்ஸ்அப்பில் குரூப் விவரப் பக்கத்தைத் திறந்து கடைசிவரை போய்ப் பாருங்கள். யார் தொடங்கினார்கள், எந்தத் தேதியில் என்று அங்கே இருக்கும். எங்களுக்கு அந்த இடத்தில் +27 என்று தொடங்கும் ஒரு நம்பர் கிடைத்தது, பெயர் இல்லை. அந்த ஒரு வரிதான் வழக்கையே தூக்கி நிறுத்தியது. குரூப்பை விட்டு வெளியேறும் முன் சாட்டை எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். இன்ஸ்டாகிராமில் புகார் கொடுப்பதும் அதற்குப் பிறகுதான். நாங்கள் புகார் கொடுத்ததும் கணக்கு போய்விட்டது, அதோடு அங்கே இருந்த எல்லாமும் போயிற்று.

எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து, அஃபிடவிட்டோடு (நடந்ததைச் சத்தியமாகச் சொல்லும் எழுத்து வாக்குமூலம்) ஸ்டேஷனுக்குப் போனால் இலவசமாகச் சத்தியம் வாங்கி முத்திரை போடுவார்கள். எங்களுக்கு முதல் தாளில் மட்டும் முத்திரை குத்தித் தந்தார்கள். கோர்ட் கிளார்க் அதைப் புரட்டிப் பார்த்து, இணைப்புத் தாள்களில் கையெழுத்து இல்லை என்று திருப்பிவிட்டார். ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும் முன்பே ஒவ்வொரு பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள்.

சரியான தாள்களோடு போன அன்று "சிஸ்டம் ஆஃப்லைன்". அடுத்து போனால், குடும்ப வன்முறைக்கான விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார்கள். அது வேறு சட்டம், குடும்ப உறவோ காதல் உறவோ போன்றவை உள்ளவர்களுக்கு. வகுப்புப் பிள்ளைக்கு அது பொருந்தாது. ஹராஸ்மென்ட் விண்ணப்பம் என்று பெயர் சொல்லிக் கேட்டேன். கிளார்க் தேடி எடுத்துத் தந்துவிட்டு, எதிர்த்தரப்பின் பெயர், முகவரி கட்டத்தில் பேனாவால் தட்டினார். "இது காலியாக இருந்தால் நான் வாங்க முடியாது, மேடம்."

அக்கா சொன்னபடி சட்டத்தின் 4-ஆம் பிரிவை அச்செடுத்து மஞ்சள் கோடு போட்டு வைத்திருந்தேன். தொல்லை செய்பவர் யாரென்று தெரியாவிட்டால், அந்தச் செய்தி வந்த நம்பரின் விவரத்தைத் தரச்சொல்லித் தொலைபேசி நிறுவனத்துக்கு நீதிமன்றமே ஆணையிடலாம் என்கிறது அது. இந்த நாட்டில் ரிகா (RICA) என்ற தொலைத்தொடர்புச் சட்டப்படி சிம் கார்டு யாராவது ஒருவர் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். கிளார்க் அதை நின்றபடியே இரண்டு முறை வாசித்தார். உள்ளே போய் மேலதிகாரியைக் கூட்டி வந்தார். அந்த அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கட்டத்தில் 'தெரியாது' என்று எழுதுங்கள், நம்பரைக் கீழே எழுதுங்கள்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டம் எங்கள் பக்கம் இருந்தும், அந்தத் தாள் கையில் இல்லாத எத்தனை தாய்மார் அந்தக் கவுண்டரிலிருந்து திரும்பிப் போயிருப்பார்கள்!

மாஜிஸ்திரேட் அதிகம் கேட்கவில்லை. மகளிடம் மட்டும் மெதுவாகப் பேசினார். ஆணை போனது. ஐந்து நீதிமன்ற வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். நிறுவனம் அவகாசம் கேட்டு இன்னும் கொஞ்சம் இழுத்தது. வந்த பெயர் அவள் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பாவுடையது. இடைக்கால உத்தரவு கிடைத்தது.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். இடைக்கால உத்தரவு எதிர்த்தரப்புக்குத் தெரிய வந்த பிறகுதான் அவர்களைக் கட்டுப்படுத்தும். ஷெரிப் (கோர்ட் தாள்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அதிகாரி) கொண்டுபோய்க் கொடுத்தாரா, கொடுத்த சான்று கோர்ட் ஃபைலில் சேர்ந்துவிட்டதா என்று நீங்கள்தான் போன் போட்டுக் கேட்க வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்பதையும் முதலிலேயே கிளார்க்கிடம் கேட்டுவிடுங்கள். வசதியில்லை என்றால் அதையும் அங்கேயே சொல்லுங்கள்.

விசாரணை நாளில் பையன் அவன் அம்மாவோடு வந்தான். அந்த அம்மா என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனாலும் இறுதி உத்தரவு வேண்டும் என்று நாங்கள் உறுதியாக நின்றோம், கிடைத்தது. நீதிமன்றம் வேறு காலம் குறிக்காவிட்டால் அது ஐந்து ஆண்டு செல்லும்.

நடுவில் மகள் இரவில் தூங்காமல் அழுத நாட்களில் 116-க்குப் போன் செய்தோம். சைல்டுலைன் என்ற பிள்ளைகளுக்கான உதவி எண், இலவசம். பிள்ளையே பேசலாம். அந்தப் பக்கம் இருந்தவர் அவசரப்படுத்தவே இல்லை. வழக்கு முடியட்டும் என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் குரூப்பில் யார் சேர்க்கலாம் என்ற அமைப்பை, தெரிந்தவர்கள் மட்டும் என்று இன்றே மாற்றி வையுங்கள். உத்தரவோடு ஒரு கைது வாரன்டும் தரப்படும்; உத்தரவை மீறாதவரை அது நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும், அதைத் தொலைத்துவிடாதீர்கள். உத்தரவை மீறினால் அந்த வாரன்டையும் என்ன நடந்தது என்ற அஃபிடவிட்டையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகவேண்டும். நாங்கள் ஒரு நகலைப் பள்ளி அலுவலகத்தில் கொடுத்து, அதற்கும் முத்திரை வாங்கி வைத்திருக்கிறோம்.