எங்கள் வெயில் யார் கணக்கில்?

சூரிய மின்சாரம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்து உப்பூரில் 1,600 மெகாவாட் அனல்மின் நிலையம் வரப்போகிறது என்றதும் மீனவர்களும் விவசாயிகளும் எதிர்த்து நின்றார்களே, அதே கரைக்காரன்தான் நானும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் பவளப்பாறையும் இருக்கும் இடத்துக்கு நிலக்கரிச் சாம்பலைவிட வெயில் எவ்வளவோ மேல்.

ஆனால் அந்த வெயில் யார் கணக்கில் போய்ச் சேருகிறது என்று கேட்டாக வேண்டும்.

பங்குச் சந்தையில் மதிப்பு அதிகமுள்ள முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற, சுற்றுச்சூழலுக்கும் சமூகத்துக்கும் தாங்கள் காட்டும் பொறுப்பைச் சொல்லும் அறிக்கையை ஆண்டுதோறும் கட்டாயம் தரவேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. எவ்வளவு மின்சாரம் செலவானது, அதில் புதுப்பிக்கத்தக்கது எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு எடுத்தார்கள், சம்பளத்தில் எவ்வளவு கிராமப்புற ஊழியர்களுக்குப் போனது என்று நல்ல கேள்விகள்தான் அதில் இருக்கின்றன. ஒரு நிறுவனம் தனக்கு மின்சாரம் தரும் சூரிய மின் நிலையத்தில் 26 சதவீதப் பங்கை வாங்கி, ஆலை எங்கோ இருக்க, கம்பி வழியே மின்சாரத்தை எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் வழி உண்டு. அப்போது அறிக்கையின் பசுமைப் பத்தி நிரம்பிவிடும். அந்த மின்சாரம் எந்த ஊர் மண்ணில் விளைந்தது என்பது மட்டும் அதில் வராது.

கமுதிப் பக்கம் 2016-ல் வந்த 648 மெகாவாட் நிலையம் ஏறக்குறைய 2,500 ஏக்கரில் நிற்கிறது. இந்த மாவட்டத்தில் இப்படி நிலம் தேடி வருபவர்களுக்குக் கருவேலங்காடு வெறும் பொட்டலாகத்தான் தெரியும், ஆனால் அதில் ஆடு மேயும், கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கும், மழை பெய்தால் அதன் வழியாகத்தான் கண்மாய்க்குத் தண்ணீர் போகும். சுற்றுச்சூழல் தாக்க ஆய்வு செய்தீர்களா என்றும் அந்த அறிக்கையில் ஒரு கேள்வி உண்டு. சூரிய மின் திட்டங்களுக்கு 2006-ம் ஆண்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதியே தேவையில்லை என்பதால், அந்த இடத்தில் 'பொருந்தாது' என்று எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விடலாம். தண்ணீர்த் தட்டுப்பாடுள்ள பகுதியில் எடுத்த தண்ணீரை இடவாரியாகச் சொல்லச் சொல்லும் கேள்வியும் இருக்கிறது, ஆனால் அது விருப்பப்பட்டால் பதில் சொல்லும் பிரிவில் வருகிறது. கண்ணாடித் தகட்டில் தூசி படிந்தால் துடைத்தாக வேண்டும். எங்கள் ஊர்களிலோ கோடை வந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊருணிக்கு நடக்கிறார்கள்.

எனக்கு ரொம்ப வலிப்பது வேறு ஒன்று. மத்திய அரசின் நீதி ஆயோக், பின்தங்கிய மாவட்டங்களை முன்னேற்ற வைத்திருக்கும் 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இருப்பவை இரண்டே, விருதுநகரும் ராமநாதபுரமும். அப்படிப்பட்ட மாவட்டங்களில் சி.எஸ்.ஆர். என்ற சமூகப் பொறுப்புப் பணம் எவ்வளவு செலவழித்தீர்கள் என்று அறிக்கையில் தனியாகக் கேட்கிறார்கள். ஆக, எங்கள் மாவட்டத்தின் பெயர் உதவி வாங்கிக்கொண்ட இடமாக அதில் வரலாம், மின்சாரம் கொடுத்த இடமாக வராது. இது எந்த விதத்தில் நியாயம்?

செபி ஒரு பத்தியைச் சேர்த்தால் போதும். மின்சாரம் எந்த வட்டத்திலிருந்து வருகிறது, அங்கே எவ்வளவு நிலம், எவ்வளவு தண்ணீர், உள்ளூர்க்காரர் எத்தனை பேருக்கு நிரந்தர வேலை. அந்தப் பக்கத்தை மட்டும் தமிழில் அச்சடித்து ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டட்டும், கிராமசபையில் நாங்கள் வாசித்துக் கேள்வி கேட்கிறோம். அதுவரை, உங்களிடம் ஏதாவது ஒரு நிறுவனத்தின் பங்கு பத்து இருந்தாலும் சரி, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இதைக் கேளுங்கள். பங்குதாரர் என்ற முறையில் அதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.