ஐ.க்யூ. அறிக்கையில் அந்த எண்ணுக்குக் கீழே இருப்பவை

“பையனுக்கு எண்பத்திரெண்டுதான் வந்திருக்குங்க.” கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஐ.க்யூ. பரிசோதனை முடித்து வரும் பெற்றோரின் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. அறிக்கை இரண்டு மூன்று பக்கம் இருக்கும். மனத்தில் தங்குவது அந்த எண் ஒன்றுதான். அது எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது புரியும்.

1905-இல் பாரீசில் பினே என்ற உளவியலாளரும் சீமோன் என்ற மருத்துவரும் முதல் அளவுகோலைச் செய்தது, பள்ளியில் கூடுதல் உதவி எந்தப் பிள்ளைக்கு வேண்டும் என்று கண்டறிய. மன வயதை உடல் வயதால் வகுத்து நூறால் பெருக்குவது அதன் பின் வந்த கணக்கு: எட்டு வயதுப் பிள்ளை ஆறு வயதுக்குரிய கேள்விகளோடு நின்றுவிட்டால் 75. இப்போதைய பரிசோதனைகளில் அந்த வகுத்தல் இல்லை. அதே வயதுப் பிள்ளைகளின் சராசரியை 100 என்று வைத்து, அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். நூற்றுக்கு 68 பேர் 85-க்கும் 115-க்கும் நடுவில் வருவார்கள். எந்த எண்ணுக்கும் சுமார் ஐந்து புள்ளி முன்பின் இருக்கும்; 82 என்றால் 77 முதல் 87 வரை என்று படியுங்கள். அண்ணனுக்கு 88, தம்பிக்கு 84 என்று ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

பரிசோதனையின் பெயரையும் பாருங்கள். நம் ஊரில் இன்னமும் புழங்கும் மாலின் அளவுகோல் 1969-இல் வந்தது. பினேயின் அளவுகோலை நம் நாட்டுக்கு ஏற்ப மாற்றிய பினே-காமத் அதற்கும் மூத்தது. பல நாடுகளில் பத்தாண்டுக்கு ஏறக்குறைய மூன்று புள்ளி வீதம் மதிப்பெண் ஏறிவந்திருக்கிறது. அதனால் அந்தக் காலத்துப் பிள்ளைகளோடு இன்றைய பிள்ளையை ஒப்பிட்டால் எண் கொஞ்சம் உப்பலாகத் தெரியும்.

மொழிதான் அதிகம் கெடுப்பது. புதுச்சேரியில் பக்கத்துப் பக்கத்து வீட்டிலேயே ஒரு பிள்ளை தமிழ்வழி, ஒன்று ஆங்கிலவழி, ஒன்று பிரெஞ்சுவழி. எண்களைத் திருப்பிச் சொல்லும் பகுதியை எடுத்துக்கொள்வோம். “ஏழு... ரெண்டு... ஒம்பது... நாலு” என்று நொடிக்கு ஓர் எண், ஒரே குரலில் சொல்ல வேண்டும். போன் நம்பர் சொல்வதுபோல் இரண்டிரண்டாகச் சேர்த்துச் சொன்னால் பிள்ளைக்குச் சுமை பாதியாகிவிடும், மதிப்பெண் பொய். ஆங்கிலத்தில் கேட்டு, பிள்ளை மனத்துக்குள் தமிழில் மாற்றினால் அந்த மாற்றத்திலேயே கடைசி எண் நழுவும். பிரிட்டனின் வேல்ஸ் மொழி பேசும் பிள்ளைகள் இதில் குறைவாக வாங்கியதற்கு, அம்மொழியில் எண்களின் பெயரைச் சொல்லக் கூடுதல் நேரம் பிடிப்பதே காரணம் என்று 1980-இல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். பிள்ளை வீட்டில் சண்டை போடும் மொழி எதுவோ, அந்த மொழியில் கேட்கச் சொல்லுங்கள்.

கட்டை அடுக்கும் பகுதியில் வேறு சிக்கல். காட்டும் வடிவத்தைக் குறித்த நேரத்துக்குள் கட்டைகளால் அடுக்க வேண்டும். ஒவ்வொரு கட்டைக்கும் சில பக்கம் சிவப்பு, சில பக்கம் வெள்ளை, சில பக்கம் குறுக்கே பாதிப்பாதி. முதலில் நான்கு கட்டை, பிறகு ஒன்பது. சில பிள்ளைகள் மூலையில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் பொறுமையாக வைப்பார்கள். நேரம் முடிந்து பத்து நொடியில் வடிவம் அச்சாக வந்து நிற்கும், மதிப்பெண் பூஜ்யம். ஒன்பது கட்டையைச் சதுரமாகவே அடுக்க வராத பிள்ளைக்கும் அதே பூஜ்யம். இரண்டும் ஒன்றா? பரிசோதிப்பவர் அந்தப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஒரு வரி குறித்திருந்தால் அந்த வரிதான் உங்களுக்கு வேண்டியது. மொத்த எண்ணைவிட, வாயால் பதில் சொல்லும் பேச்சுப் பகுதிக்கும் கையால் செய்து காட்டும் செயல் பகுதிக்கும் உள்ள மதிப்பெண் இடைவெளியைக் கேட்டு வாங்குங்கள்.

70-க்குக் கீழே வந்தாலும் எண்ணை மட்டும் வைத்து அறிவுத்திறன் குறைபாடு என்று முடிவுகட்டக் கூடாது. பிள்ளை தானே சட்டை போடுகிறதா, கடைக்குப் போய் மீதிக் காசு சரிபார்த்து வாங்கி வருகிறதா என்பதையும் வைன்லண்ட் போன்ற அளவுகோலால் பார்த்தாக வேண்டும்.

அதே பரிசோதனையை ஆறு மாதத்தில் திரும்ப எடுத்தால் கட்டையும் புதிரும் பழகியே எண் ஏறும். இணையத்தில் புதிர்களை வாங்கிப் பயிற்சி கொடுப்பதும் அப்படித்தான். மூளைப் பயிற்சி விளையாட்டில் கை தேர்ந்தவர் அந்த விளையாட்டில்தான் தேறுகிறார். அந்தத் தேர்ச்சி கணக்குப் பாடத்துக்கோ கடை வியாபாரத்துக்கோ தாண்டிப் போவதில்லை.

படிப்புக்கு உண்மையில் பலன் தருவது புத்தகத்தை மூடிவிட்டு நினைவுபடுத்துவது. இருபது நிமிடம் படி, மூடு, வெள்ளைத்தாளில் ஐந்து நிமிடம் நினைவில் உள்ளதை எழுது, பிறகு திறந்து, விட்டதை வேறு மையில் சேர். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், மாதக் கடைசி என்று அதையே திரும்ப எழுது. பிள்ளைகள் தவறுவது ஒரே இடத்தில்: ஞாபகம் வராத அரை நிமிடத்தைத் தாங்க முடியாமல் புத்தகத்தைத் திறந்துவிடுகிறார்கள். அந்தத் தவிப்பில்தான் பாடம் பதிகிறது. மஞ்சள் பேனாவால் கோடு போட்டு நான்கு தடவை படித்தால் தெரிந்த மாதிரி இருக்கும், தேர்வறையில் வராது.

தூக்கத்தில் கைவைக்காதீர்கள். பள்ளிச் சிறுவருக்கு 9 மணி நேரமாவது, பதின்வயதினருக்கு 8 மணி நேரமாவது வேண்டும். இரவு பதினொன்றுக்குப் படுத்து காலை ஐந்தரை டியூஷனுக்கு எழுந்த பிள்ளையைப் பரிசோதித்தால் அளப்பது அறிவை இல்லை, தூக்கக் கலக்கத்தை.

கருவுற்றிருக்கும் பெண் உள்ள வீட்டுக்கு ஒரு சொல். வயிற்றிலிருக்கும் குழந்தையின் மூளை வளர அயோடின் வேண்டும். அது குறைந்தால் பிறகு எந்தப் பயிற்சியாலும் முழுதாக ஈடுகட்ட முடியாது. மரக்காணம் உப்பளம் பக்கத்திலேயே இருப்பதால் கல்லுப்பு மலிவாகக் கிடைக்கும். அயோடின் சேர்த்ததா என்று பையில் பார்த்து வாங்குங்கள். உப்பின் அளவைக் கூட்ட வேண்டாம். அடுப்புப் பக்கம் திறந்த ஜாடியில் வைத்தால் அயோடின் போய்விடும். மூடி போட்டு, சூடு படாத இடத்தில் வைத்து, குழம்பு இறக்கும் நேரத்தில் போடுங்கள்.