பாதி மொட்டை

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. தங்கையும் மாப்பிள்ளையும் இரண்டு வயதுப் பையனுக்கு மொட்டை போட வேளாங்கண்ணி போயிருந்தார்கள். திருச்சிப் பக்கத்து இந்துக் குடும்பம்தான் நாங்கள். ஆனாலும் பிள்ளைக்கு ஒன்று என்றால் மாதாவுக்கும் நேர்ந்துகொள்வது பாட்டி காலத்துப் பழக்கம்.

காலையில் மெரினாவில் கடல் உள்ளே வந்துவிட்டதாக டிவியில் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் நாகப்பட்டினம் என்றார்கள். சுனாமி என்ற வார்த்தையையே அன்றைக்குத்தான் கேட்கிறோம். மாப்பிள்ளையின் செல்லுக்குப் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. எத்தனை முறை போட்டேனோ!

அம்மா டிவி பக்கமே வரவில்லை. பழைய வேட்டித் துணியைக் கிழித்து, மஞ்சளில் நனைத்து, இரண்டு ஒரு ரூபாய்க் காசை முடிந்து சாமி படத்தடியில் வைத்தாள். ஒன்று சமயபுரத்தாளுக்கு. இன்னொன்று யாருக்கு என்று கேட்டேன். "பிள்ளை அவ ஊர்லதானே இருக்கு, அவகிட்ட சொல்லாம இருக்க முடியுமா?"

மூன்றரை மணிக்கு திருத்துறைப்பூண்டியில் ஒரு எஸ்டிடி பூத்திலிருந்து போன் வந்தது. "அண்ணா, மூணு பேரும் இருக்கோம்." நான் திரும்பிச் சொல்வதற்குள் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று தொண்டையில் நின்றது. அப்புறம்தான் தங்கை சொன்னாள்: "பக்கத்து ரூம்காரங்களை மட்டும் காணோம்ணா. எங்களையும் கடலுக்குக் கூப்பிட்டாங்க. மொட்டைக்குக் கூட்டமா இருந்துச்சு, நாங்க போகல."

பையனுக்குப் பாதித் தலை சிரைத்திருந்தபோதுதான் ஜனங்கள் கூச்சலிட்டபடி ஓடி வந்திருக்கிறார்கள். அப்படியே தூக்கிக்கொண்டு ஓட்டம். மிச்சத்தை வீட்டிலேயே எடுத்துவிடலாம் என்றார் மாப்பிள்ளை. அம்மா விடவில்லை. நேர்ந்த இடத்தில்தான் முடிக்க வேண்டுமாம். இரண்டு மாதம் குரங்குக் குல்லாயோடு திரிந்தான் பயல்.

மாசியில் எல்லோரும் கிளம்பினோம். தஞ்சாவூர், திருவாரூர், நாகை. நாகை தாண்டியதும் பஸ்ஸில் பேச்சு நின்றுபோனது. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். வேளாங்கண்ணியில் செத்தவர்களில் பாதிப்பேர் யார், எந்த ஊர் என்றே தெரியாமல் புதைத்ததாகப் பக்கத்து சீட்டுப் பெரியவர் சொன்னார்.

மொட்டை போடுகிறவர் குல்லாயைக் கழற்றியதும் கையை நிறுத்திவிட்டார். ஒரு பக்கம் முடி காடாக, மறுபக்கம் இப்போதுதான் முளைத்துக் குத்திக்கொண்டு. ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் தொட்டுத் தலையை நனைத்தபடி, "இது மூணாவது" என்றார், அவ்வளவுதான்.

கோவிலுக்குள் அன்றைக்கு அலை ஏறவில்லை. மாதா தடுத்தாள் என்றார் மெழுகுவர்த்தி விற்ற அம்மாள். கோவில் மேட்டில் இருக்கிறது என்று மாப்பிள்ளை என் காதில் சொன்னார். எனக்கு இரண்டிலும் மனம் ஒட்டவில்லை. தடுத்தாள் என்றால், அதே காலையில் பூசை பார்த்துவிட்டுக் கடற்கரைக்குப் போனவர்கள் யார் பிள்ளைகள்? இதை அம்மாவிடம் கேட்கும் தைரியம் இல்லை.

மாதா பட்டுப்புடவையும் கிரீடமுமாக, கையில் குழந்தையோடு நின்றாள். அம்மா மஞ்சள் முடிச்சை அவிழ்க்காமல் உண்டியலில் போட்டாள். நகராமல் நின்றவள், தங்கையைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்த ரூம்ல எத்தனை பேருடி?"

"நாலு பேரும்மா. சின்னது ஒண்ணு, நம்ம பயல் வயசு."

வெளியே போய் நான்கு மெழுகுவர்த்தி வாங்கி வந்தாள். மூன்று பெரியது, ஒன்று சின்னது. கடற்காற்றில் சின்னது அணைந்து அணைந்து போனது. முந்தானையால் மறைத்துக்கொண்டு, அது நின்று எரியும்வரை அம்மா நகரவில்லை. பூசையில் அழுதுகொண்டிருந்த யாரோ ஒரு பெண்ணின் குரல் வெளியே வரை கேட்டது.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன், "என்னம்மா வேண்டிக்கிட்டே?"

"நன்றி சொல்லத்தான் வந்தேன். அங்க நின்னு சத்தமா சொல்ல வாய் வரல."

பையன் வழவழப்பான தலையை அவள் மடியில் வைத்துத் தூங்கிவிட்டான். சமயபுரத்துக் காசு அம்மாவின் சுருக்குப்பையில் இருந்தது. அதற்கு அடுத்த ஞாயிறு என்று சொல்லியிருந்தாள்.