சூடோமோனாஸ் என்று எழுதி மூடிவிடாதீர்கள்

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் டெல்டா பக்கத்து லேப்களுக்கு ஒரு மாதிரியான சாம்பிள்கள் வர ஆரம்பிக்கும். பத்து நாளாக விடாத காய்ச்சலுக்கு ரத்தம், ஈரல் கட்டியில் ஊசி போட்டு எடுத்த சீழ், காசநோய் மாத்திரை சாப்பிட்டும் குறையாத இருமலுக்குச் சளி. கூட வரும் படிவத்தில் பெயரும் வயதும் இருக்கும், என்ன வேலை செய்கிறார் என்பது மட்டும் இருக்காது. லேபில் கிருமியைத் தேடுகிற எனக்கு முதலில் தெரியவேண்டியதே அதுதான். சம்பா நடவில் நாள் முழுக்கச் சேற்றில் நின்றவரா, காலில் சேற்றுப்புண் இருக்கிறதா, சர்க்கரை இருக்கிறதா?

பர்கோல்டேரியா சூடோமல்லை என்ற பாக்டீரியாவைப் பற்றித்தான் சொல்கிறேன். அது தரும் நோய்க்கு மெலியாய்டோசிஸ் என்று பெயர். 1911ல் ரங்கூனில் பிரேதப் பரிசோதனை செய்துகொண்டிருந்த ஆல்ஃபிரட் விட்மோரும் அவருடன் வேலை பார்த்த சி.எஸ். கிருஷ்ணசாமியும் இதை முதலில் கண்டார்கள், 1912ல் எழுதி வெளியிட்டார்கள். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிற கிருமி. கோடையில் மண்ணுக்குள் ஆழத்தில் கிடக்கும், மழையில் நீர்மட்டம் ஏறும்போது மேலே வரும். வெட்டுக்காயம் வழியாகவும், புயல்காற்றில் மூச்சு வழியாகவும், குடிக்கிற தண்ணீரிலும் உடம்புக்குள் போகும். நல்ல உடம்பு பெரும்பாலும் சமாளித்துவிடும். சர்க்கரை நோயாளி, நிறையக் குடிப்பவர், சிறுநீரகம் கெட்டவர் என்றால் கதை வேறு. 2016ல் வந்த ஒரு மதிப்பீடு உலகம் முழுக்க வருடத்துக்கு சுமார் 1,65,000 பேருக்கு இது வருகிறது, 89,000 பேர் இறக்கிறார்கள் என்றது, அதில் மற்ற எந்தப் பகுதியையும்விட அதிகப் பங்கு தெற்காசியாவுக்கு. நெல்லும் சர்க்கரையும் சேர்ந்து இருக்கிற எங்கள் ஊர்களில் இதைத் தேடாமல் இருப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

சரி, ஏன் கோட்டை விடுகிறோம்? கிருமி வளராததால் அல்ல, ரத்தம் கலந்த சாதாரண வளர்ப்புத் தட்டான பிளட் அகாரிலேயே வளரும். முதல் நாள் சின்னச் சின்னப் புள்ளியாக, எந்த விசேஷமும் இல்லாமல் இருக்கும். மக்கான்கி என்ற இன்னொரு வளர்ப்புத் தட்டில் லாக்டோஸ் சர்க்கரையை நொதிக்காது, ஆக்சிடேஸ் என்ற நொதிச் சோதனையில் பாசிட்டிவ். அவ்வளவு பார்த்ததும், லேபில் அடிக்கடி வருகிற வேறொரு பாக்டீரியாவின் பெயரைப் போட்டு 'சூடோமோனாஸ் வகை' என்று எழுதிவிடுவார்கள், அல்லது ஏதோ வெளியிலிருந்து விழுந்த கிருமி என்று தட்டைக் குப்பைக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டு மூன்று நாள் கூட வைத்திருந்தால் அதே காலனி, அதாவது தட்டில் வளர்ந்த கிருமிக் கூட்டம், காய்ந்து சுருங்கி மடிப்பு மடிப்பாக மாறுவதைப் பார்க்கலாம். இந்தக் கிருமிக்கென்றே உள்ள ஆஷ்டவுன் அகார் தட்டு இருந்தால் இன்னும் நல்லது, அதில் ஊதா நிறத்தில் சுருக்கம் தெளிவாகத் தெரியும். கிராம் ஸ்டெயின் என்ற சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இரண்டு முனையும் அடர்ந்து நடு வெளுத்து, சேஃப்டி பின் மாதிரி தெரிவது ஒரு நல்ல அடையாளம், ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது.

எந்தச் சின்ன லேபும் செய்யக்கூடியது மூன்று டிஸ்க் சோதனை, அதாவது மூன்று ஆன்டிபயாடிக் மருந்து ஏற்றிய வில்லைகளைத் தட்டில் வைத்துப் பார்ப்பது. ஜென்டாமைசின், கோலிஸ்டின், ஆக்மென்டின். முதல் இரண்டைச் சுற்றியும் கிருமி ஒட்டி வளர்ந்து, ஆக்மென்டினைச் சுற்றி மட்டும் பெரிய வட்டமாக விலகி நின்றால், அந்தத் தட்டை உடனே தனியாக எடுத்து வையுங்கள். நிஜமான சூடோமோனாஸ் ஏருஜினோசா நேர்மாறு, அது ஆக்மென்டினுக்கு மசியாது, கோலிஸ்டினுக்குப் பெரும்பாலும் அடங்கும். மலேசியாவின் சரவாக்கில் ஜென்டாமைசினுக்கு அடங்குகிற வகை உண்டு, ஆகவே இதுவும் இறுதித் தீர்ப்பு இல்லை. கிருமியை இனம் காணும் வைட்டெக் இயந்திரம் சில சமயம் இதை பர்கோல்டேரியா செபேசியா என்ற வேறு இனம் என்று சொல்லிவிடும். கிருமியின் புரதங்களை வைத்து இனம் காணும் மால்டி டாஃப் இயந்திரத்தின் தரவுத்தளத்தில் இந்த இனம் இல்லையென்றால் இதன் நெருங்கிய உறவான பர்கோல்டேரியா தாய்லாந்தென்சிஸ் என்று காட்டும். உறுதி செய்ய, இந்தக் கிருமி இருந்தால் துகள்கள் திரளும் லேடெக்ஸ் சோதனை இருக்கிறது, டிடிஎஸ்1 (TTS1) என்ற இதன் மரபணுவைத் தேடும் பிசிஆர் இருக்கிறது. வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர், மணிப்பால் மாதிரியான இடங்களில் இந்த நோயில் நல்ல அனுபவம் உண்டு, கேட்கத் தயங்காதீர்கள்.

அப்புறம் ஒன்று, தயவுசெய்து தட்டை மோந்து பார்க்காதீர்கள். மண்வாசனை வரும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், ஆனால் மூச்சு வழியாகவே தொற்றுகிற கிருமி இது. சந்தேகம் வந்த நிமிஷத்திலிருந்து காற்றை வடிகட்டும் பாதுகாப்புப் பெட்டிக்குள் (பயோசேஃப்டி கேபினெட்) மட்டும்தான் வேலை.

டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு கல்ச்சர், அதாவது சாம்பிளில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, நெகடிவ் என்றதும் விட்டுவிடாதீர்கள். உண்மையான நோயாளிகளில்கூட ஏறக்குறைய 60 சதவீதம் பேருக்குத்தான் கல்ச்சரில் கிருமி வருகிறது. ரத்தத்தோடு சளி, சிறுநீர், தொண்டை ஸ்வாப், சீழ் எல்லாவற்றையும் அனுப்புங்கள், வரவில்லையென்றால் திரும்ப அனுப்புங்கள். ஸ்கேனில் மண்ணீரலில் பொடிப்பொடியாகக் கட்டிகள் தெரிந்தால் படிவத்தில் 'வயல் வேலை, சர்க்கரை' என்று இரண்டே விஷயம் சேர்த்து எழுதுங்கள். அது இருந்தால் நாங்கள் தட்டை நாலைந்து நாள் கூடுதலாக வைத்திருப்போம்.

லேப் நண்பர்களே, சந்தேகம் வந்தால் ரிப்போர்ட் அச்சாகட்டும் என்று காத்திருக்காமல் வார்டுக்குப் போன் போடுங்கள். அந்த நேரத்தில் அங்கே பெரும்பாலும் செஃப்ட்ரியாக்சோன்தான் ஏறிக்கொண்டிருக்கும், அது இந்தக் கிருமிக்குப் போதாது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் குறைந்தது பத்து நாளாவது ஊசியாகப் போகவேண்டும், அதற்குமேல் கோட்ரைமாக்சசோல் மாத்திரை மூன்று மாதம். காய்ச்சல் விட்டதும் மாத்திரையையும் விட்டால் திரும்ப வரும் என்பதை நோயாளியோடு வந்திருக்கும் மகனிடமோ மருமகளிடமோ அன்றைக்கே உட்காரவைத்துச் சொல்லச் சொல்லுங்கள்.